குள்ளமும் தலையெழுத்தா?

சென்ற மாதம் ஒரு சிற்றூரில் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் சமயத்தில், விவசாயக் கூலி வேலை செய்யும் தோழர் ஒருவர் தமது மகனை அழைத்து வந்து நம் முன் நிறுத்தினார். பையன் படித்தவன், ஓட்டத்தில் கெட்டிக்காரன். சீருடை உத்தியோகம் ஒன்றுக்குப் போய், அளவுகோலின் கீழ் நின்றபோது ஒரு விரற்கடை குறைந்ததென்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறான். "என்ன செய்வது அய்யா! எங்கள் வம்சமே குட்டை. எங்கள் தலையெழுத்து அப்படி" என்றார் தகப்பனார். பக்கத்தில் நின்ற பட்டதாரி ஒருவர் உடனே குறுக்கிட்டு, "தலையெழுத்து என்று சொல்லாதீர்கள், அது மூடநம்பிக்கை. மரபணு என்று சொல்லுங்கள். உயரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு பிறவியிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று சயன்சே சொல்லுகிறது" என்று திருத்தினார். தகப்பனாரும் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

தகப்பனார் சொன்னதற்கும் பட்டதாரி சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறோம். ஒருவர் பழியைப் பிரம்மாவின் மேல் போட்டார். மற்றவர் மரபணுவின் மேல் போட்டார். அந்தப் பையன் வயிற்றிலிருந்த காலத்தில் அவன் தாய் என்ன சாப்பிட்டாள், அவன் குழந்தையாயிருந்தபோது பாலும் பருப்பும் கண்டானா, எந்தத் தண்ணீரைக் குடித்தான், எத்தனை தடவை வயிற்றுப்போக்கில் கிடந்து எழுந்தான் என்கின்ற கேள்வி இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றிக் குடிப்பதற்குப் படிப்பு எதற்கு? ஆகவே இந்த உயர விஷயத்தைக் கொஞ்சம் விவரமாக ஆராய வேண்டியதாகிறது.

வித்தின் பங்கு

முதலில் உண்மையை ஒப்புக்கொண்டு ஆரம்பிப்போம். உயரத்தில் பிறவிக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது நமக்குச் சௌகரியமாக இருக்கலாம். ஆனால் சௌகரியத்துக்காக உண்மையை மறைப்பது புராணக்காரர் வேலையே தவிர, பகுத்தறிவுக்காரர் வேலையல்ல.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் 205 குடும்பங்களைச் சேர்ந்த, வளர்ந்த பிள்ளைகள் 928 பேருடைய உயரத்தையும், அவர்களைப் பெற்றவர்களின் உயரத்தையும் வைத்து 1886-இல் ஒரு கணக்கு வெளியிட்டார். நெட்டையான பெற்றோருக்கு நெட்டையான பிள்ளைகளும், குட்டையான பெற்றோருக்குக் குட்டையான பிள்ளைகளும் பிறப்பது பெரும்பாலும் உண்மை என்று அதில் கண்டது. ஆனால் அதே கணக்கில் இன்னொன்றும் கண்டது. மிக நெட்டையானவர்களின் பிள்ளைகள் சராசரியில் பெற்றோரைவிடச் சிறிது குறைந்தும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் பெற்றோரைவிடச் சிறிது கூடியும், இரு சாராரும் நடு அளவை நோக்கியே வந்தார்கள். ஆகவே வெறும் வித்தை மாத்திரம் வைத்துப் பார்த்தாலும், "எங்கள் வம்சம் என்றைக்கும் நெட்டை, உங்கள் வம்சம் என்றைக்கும் குட்டை" என்று பேசுவதற்கு இடமில்லை. உயர்ந்த பிறவிகளைப் பெருக்க வேண்டும் என்கின்ற ஒரு கொள்கைக்கு 1883-இல் பெயர் சூட்டியவரும் இதே கால்ட்டன்தான். தம் கணக்கே தம் கொள்கைக்கு முட்டுக்கட்டை போட்டதை அவர் கவனிக்கவில்லை போலும்.

பிறகு இரட்டைப் பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் உயரத்தில் மிகவும் ஒத்திருக்கிறார்கள். தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையர் அவ்வளவு ஒத்திருப்பதில்லை. இதிலிருந்து, நன்றாக உண்டு வாழும் நாடுகளில், ஆளுக்கு ஆள் உள்ள உயர வித்தியாசத்தில் சுமார் நூற்றுக்கு எண்பது பங்கு மரபணுவைப் பொறுத்தது என்று கணக்கிட்டார்கள். 2022-இல் சுமார் 54 லட்சம் பேருடைய மரபணுக்களைச் சோதித்து, உயரத்தோடு சம்பந்தப்பட்ட 12,111 இடங்களைக் கண்டுபிடித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் இடமும் உயரத்தைக் கடுகளவு கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பட்டதாரி சொன்ன "எண்பது" இங்கேயிருந்துதான் வந்தது. எண் சரிதான், அதற்கு அவர் கொண்ட அர்த்தந்தான் தப்பு.

எண்பது என்றால் என்ன?

நூற்றுக்கு எண்பது என்றவுடன், 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவனிடத்தில் 132 சென்டிமீட்டர் பிறவி கொடுத்தது, மீதி 33 சென்டிமீட்டர் சோறு கொடுத்தது என்று நினைத்துக்கொள்ளுகிறார்கள். இது பெரும் பிசகு. அந்த எண், ஒரேமாதிரி வாழ்கின்ற ஒரு கூட்டத்துக்குள்ளே ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றியது. இருவேறு விதமாக வாழ்கின்ற இரண்டு கூட்டங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

விவசாயத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே மூட்டையிலுள்ள கலப்பு விதைநெல்லை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பாதியை எருவும் தண்ணீரும் குறைவில்லாத வண்டல் வயலிலும், மறு பாதியைக் களர் நிலத்திலும் விதையுங்கள். வண்டல் வயலுக்குள்ளே ஒரு பயிர் உயர்ந்தும் ஒரு பயிர் தாழ்ந்தும் இருந்தால் அது விதையின் குணம். களர் நிலத்துக்குள்ளும் அப்படியே. ஆனால் வண்டல் வயல் பயிர் இடுப்புயரம் நிற்க, களர் நிலத்துப் பயிர் முழங்காலோடு நிற்கிறதே, அதுவும் விதையின் குணமா? எந்தக் குடியானவனாவது அப்படிச் சொல்லுவானா? சொன்னால் ஊர் சிரிக்காதா? ஆனால் நெல்லுக்கு இவ்வளவு நியாயம் பார்க்கிற நாம், மனிதன் என்று வந்தவுடன், "களர் நிலத்துப் பயிர் பிறவியிலேயே தாழ்ந்த பயிர்" என்று சொன்னவனை மகான் என்று கும்பிடுகிறோம்.

பணக்காரன் வீட்டிலும் குட்டை இருக்கிறானே, ஏழை வீட்டிலும் நெட்டை இருக்கிறானே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள், அது விதையின் வேலை. ஆனால் ஆயிரம் பணக்காரரையும் ஆயிரம் ஏழைகளையும் வரிசையாக நிறுத்தினால், எந்த வரிசை தாழ்ந்திருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

பிறநாட்டு அளவுகோல்

இதற்கு இங்கிலாந்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சுமார் 1800-ஆம் வருஷத்தில் சீமான்களின் பிள்ளைகள் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். லண்டன் சேரிப் பிள்ளைகளை மரைன் சொசைட்டி என்ற தர்ம ஸ்தாபனம் கப்பல் வேலைக்குச் சேர்த்தது. இரண்டு இடத்திலும் பிள்ளைகளை அளந்து எழுதி வைத்திருந்தார்கள். சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் அந்த ஏடுகளைப் புரட்டி ஒப்பிட்டபோது, பதினாலு வயதில் சீமான் வீட்டுப் பையன் சேரிப் பையனைவிடச் சுமார் அரை அடி உயரமாயிருந்தான் என்று தெரிந்தது. ஒரே தேசம், ஒரே நிறம், ஒரே பாஷை, ஒரே மதம். அங்கே மநுதர்மமும் இல்லை. சோறும், இருப்பிடமும், சிறு வயதிலேயே செய்த கடும் வேலையுந்தான் வித்தியாசம். பிரான்சில் வில்லர்மே என்ற வைத்தியர் 1829-லேயே ராணுவத்துக்கு ஆள் எடுத்த கணக்குகளைப் பார்த்து, சௌக்கியமாக வாழும் ஜனங்கள் உயரமாக வளர்கிறார்கள், வறுமை உயரத்தைக் குறைக்கிறது என்று எழுதிவிட்டார்.

ஹாலந்துக்காரர்களைப் பாருங்கள். உலகத்திலேயே நெட்டையானவர்கள் என்று இன்று பெயர் பெற்றவர்கள் இவர்களே. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுடைய ராணுவத்துக்கு வந்த வாலிபர்களின் சராசரி உயரம் சுமார் 165 சென்டிமீட்டர்தான்; அன்று அமெரிக்கர்கள் அவர்களைவிட உயரம். ஆனால் 1980-இல் பிறந்த ஹாலந்து ஆண்களின் சராசரி 183.9 சென்டிமீட்டர். தென்கொரியாவில் 1896-இல் பிறந்த பெண்களைவிட 1996-இல் பிறந்த பெண்கள் சராசரி 20 சென்டிமீட்டர், அதாவது எட்டு அங்குலம் உயர்ந்துவிட்டார்கள். இதே கொரியாவின் வட பாகத்தில், அதே இனத்தில் பிறந்து பஞ்சத்தில் வளர்ந்தவர்கள் தெற்கே உள்ளவர்களைவிடக் குட்டையாயிருக்கிறார்கள். நூறு வருஷத்தில், நாலைந்து தலைமுறையில், ஒரு தேசத்தின் மரபணு மாறிவிடுமா? மாறாது. அடுப்பங்கரை மாறியது, சாக்கடை மாறியது, வைத்தியம் மாறியது.

இதையெல்லாம்விடத் தெளிவான சோதனை ஒன்று உண்டு. உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் 1997 முதல் 2003 வரையில் பிரேசிலில் பெலோட்டாஸ், கானாவில் அக்ரா, இந்தியாவில் தெற்கு டில்லி, நார்வேயில் ஆஸ்லோ, ஓமானில் மஸ்கட், அமெரிக்காவில் டேவிஸ் ஆகிய ஆறு ஊர்களில், தாய்ப்பாலும் நல்ல ஆகாரமும் சுகாதாரமான இருப்பிடமும் உள்ள குழந்தைகளைப் பொறுக்கி எடுத்து அளந்தார்கள். கருப்பரும் வெள்ளையரும் அரபியரும் இந்தியருமான அந்தக் குழந்தைகள் அய்ந்து வயது வரையில் ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்தார்கள்.

தலையெழுத்துக்காரர்களை இங்கே ஒன்று கேட்கிறோம். ஹாலந்துக்காரன் தலையில் பிரம்மா எழுதிய எழுத்தை நடுவில் அழித்துத் திருத்தி எழுதினது யார்? கொரியப் பெண்ணுக்கு எட்டு அங்குலம் கூட்டிப் போட்ட பிரம்மாவுக்கு நம் சேரிப் பெண்ணின் மேல் என்ன கோபம்? பாலும் முட்டையும் மீனும் திருத்திவிடக்கூடிய எழுத்தை எழுதுவதற்கு ஒரு கடவுள் வேண்டுமா?

காலில் பிறந்தவனின் கால்

மனிதன் வளருவது எப்படி? நீண்ட எலும்புகளின் நுனியில் குருத்தெலும்பு இருக்கிறது. அது வளர்ந்து வளர்ந்து எலும்பாகிறது. வயிற்றிலிருக்கும் காலத்திலும், பிறந்து முதல் இரண்டு வயது வரையிலும் இந்த வளர்ச்சி மிக வேகம். பிறகு மெதுவாகி, பருவமடையும் காலத்தில் மறுபடியும் வேகமெடுத்து, குருத்தெலும்பு மூடிக்கொண்டதும் நின்றுவிடுகிறது. சரீரத்துக்குப் போதிய ஆகாரம் இல்லாவிட்டாலோ, அடிக்கடி காய்ச்சலும் பேதியும் வந்தாலோ, உயிரைக் காப்பதற்காகச் சரீரம் வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. நல்ல காலம் சீக்கிரம் வந்தால் விட்டதைப் பிடித்துக்கொள்ளும். வராவிட்டால் போனது போனதுதான்.

இதில் முக்கியமாய் அடிபடுவது கால்கள். குழந்தைப் பருவத்தில் வேகமாய் நீளுவது கால் எலும்பாதலால், பட்டினி முதலில் அதைத்தான் குறைக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் பழைய குடிகளான மாயர்களில், குவாத்தமாலாவில் வறுமையில் வளர்ந்த பிள்ளைகளையும், அமெரிக்க அய்க்கிய நாட்டுக்குக் குடியேறிய பெற்றோரிடத்தில் வளர்ந்த பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் பத்துச் சென்டிமீட்டருக்கு மேல் உயரமாயிருந்தார்கள். அந்த உயர்வில் பாதிக்கு மேல் கால்களிலேயே இருந்தது.

சூத்திரன் பிரம்மாவின் காலில் பிறந்தான் என்று எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததோடு விடாமல், அவன் நிலத்தைப் பறித்து, கூலியைக் குறைத்து, கிணற்றைத் தடுத்து, அவன் காலையே குறைத்தும் விட்டார்கள். குறைத்துவிட்டு, "பார்த்தாயா, இவன் பிறவியே தாழ்வு" என்று அந்தக் காலையே சாட்சிக்கும் கூப்பிடுகிறார்கள்!

வெள்ளைக்காரத் துரைமாரும் இந்த வேலையில் இளைத்தவர்களல்ல. வங்காளத்தில் ரிஸ்லி துரை மூக்கை அளந்து ஜாதியின் ஏற்றத்தாழ்வைக் காட்டப் பார்த்தார். சென்னை மியூசியத்தில் இருந்த தர்ஸ்டன் துரை ஜனங்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் அளந்து, 1909-இல் தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு வால்யூம் வெளியிட்டார். எல்லாவற்றையும் அளந்த இவர்கள் அந்தந்த வீட்டுச் சோற்றுப் பானையை அளக்கவில்லை.

நம் நாட்டுக் கணக்கு

சர்க்காரே எடுத்த குடும்ப நலக் கணக்கு ஒன்று, 2019–21-இல் எடுத்தது, நம் முன் இருக்கிறது. அதன்படி இந்தியாவில் அய்ந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 35.5 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். செல்வத்தில் கடைசிப் படியிலுள்ள வீடுகளில் இது சுமார் 46. மேற்படியில் சுமார் 23. பட்டியல் ஜாதிக் குழந்தைகளில் சுமார் 39, பழங்குடிக் குழந்தைகளில் சுமார் 41. இவர்களிலும் பிற்பட்டோரிலும் சேராத மற்ற ஜாதியாரில் சுமார் 30. பீகாரில் 42.9, தமிழ்நாட்டில் 25. தமிழனுக்கும் பீகாரிக்கும் இருக்கும் இந்த வித்தியாசம் மரபணுவால் வந்ததென்று யாராவது சொல்லத் துணிவார்களா? அப்படியானால் சேரிக்கும் அக்கிரகாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாத்திரம் அதன் தலையில் ஏன் போட வேண்டும்?

நிற்க, பார்ப்பனர் மேல் மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் வீட்டுக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் இருக்கிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியக் குழந்தைகள், இந்தியாவைவிட ஏழ்மையான ஆப்பிரிக்க நாட்டுக் குழந்தைகளைவிடக் குட்டையாயிருப்பது ஏன் என்பது அவர்கள் கேள்வி. தலைப்பிள்ளையில் இந்தக் குறைவே இல்லை. இரண்டாவது பிள்ளையில் ஆரம்பித்து, அடுத்தடுத்த பிள்ளைகளில் அதிகமாகிறது என்று கண்டார்கள். காரணம், மூத்த ஆண்பிள்ளை மேல் நமக்குள்ள மோகம். புத் என்னும் நரகத்திலிருந்து தாய் தகப்பனைக் கரையேற்றக் கொள்ளி வைப்பவன் அவனாம்! இல்லாத நரகத்துக்குப் பயந்து, இருக்கிற பெண் குழந்தையின் தட்டிலிருந்து எடுத்து அவன் தட்டில் போடுகிறோம். அந்தப் பெண்ணே நாளைக்கு ஒரு தாயாகிறாள். புருஷனும் பிள்ளைகளும் தின்ற மிச்சத்தைத் தின்று, உடம்பு முற்றுவதற்குள் பிள்ளை பெற்று, எடை குறைந்த குழந்தையை உலகத்துக்குக் கொடுக்கிறாள். அதற்கும் பெயர் தலையெழுத்து!

மலத்தின் சங்கதியும் இதில் சேர்ந்தது. வெட்டவெளியில் மலங்கழிக்கும் ஊரில் குழந்தைகள் கிருமியைத் தின்கிறார்கள். அவர்கள் குடல் கெட்டு, தின்ற சோறும் உடம்பில் ஒட்டாமல் போகிறது. டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இருவர் 2017-இல் எழுதிய புத்தகத்தில், வடநாட்டுக் கிராமங்களில் வீட்டருகே கக்கூஸ் இருப்பது தீட்டென்றும், அதன் குழியை அள்ளுவது தீண்டாதார் வேலையென்றும் நினைக்கும் நினைப்பே ஜனங்களைக் காட்டுக்கு அனுப்புகிறது என்று காட்டியிருக்கிறார்கள். தீண்டாமை, தீண்டப்படாதவனை மாத்திரமல்ல, தீண்டாதவனுடைய பிள்ளையையும் குள்ளமாக்குகிறது.

சலுகையா, கடனா?

தமிழ்நாட்டுக் காவலர் உத்தியோகத்துக்கு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டரும், பட்டியல் ஜாதியாருக்கும் பழங்குடியாருக்கும் 167 சென்டிமீட்டரும் வேண்டும் என்பது விதி. இந்த மூன்று சென்டிமீட்டரைப் பார்த்து, "உடம்பிலும் சலுகையா? தகுதி என்னாவது?" என்று கேலி செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்லுவது, இது சலுகையல்ல, பாக்கி என்பதுதான். பல தலைமுறையாய் அவர்கள் கலயத்திலிருந்து எடுத்த பாலுக்கும் பருப்புக்கும் இந்தச் சமூகம் திருப்பிக் கொடுக்கும் வட்டியில் ஒரு துளிகூட ஆகாது. அசல் அப்படியே நிற்கிறது.

அசலைத் தீர்க்கும் வழி சோறு போடுவதுதான். 1920-இல் சர். பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு கொடுக்க ஆரம்பித்தது. 1956-இல் காமராஜர் அதை நாடெங்கும் பரவச் செய்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் அது சத்துணவாயிற்று. 1989-இல் கலைஞர் காலத்தில் முட்டை வந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு தடவையும் "இலவசம், சோம்பேறித்தனம்" என்று கூச்சல் போட்டவர்கள், கோயிலில் உண்டைக்கட்டி வாங்குவதை ஒருநாளும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை. இந்தியாவெங்கும் பள்ளி உணவின் பலனை ஆராய்ந்து 2021-இல் வந்த ஒரு கட்டுரை, பள்ளியில் உணவு பெற்ற பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகள் உயரத்தில் மேம்பட்டிருந்ததாகக் கண்டிருக்கிறது. இன்றைக்கு ஒரு சிறுமி தின்னும் முட்டை, இருபது வருஷம் கழித்து அவள் பிள்ளையின் காலில் தெரிகிறது. இதைவிடப் பெரிய புண்ணியம் எந்தக் குடமுழுக்கில் கிடைக்கும்?

இதனால் சோறு போட்டால் எல்லாரும் பனைமரமாகிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். விதைக்கு ஓர் எல்லையுண்டு. ஹாலந்திலும் 2001-இல் பிறந்த ஆண்களின் சராசரி 182.9-இல் நின்றுவிட்டது, முந்தினதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. எல்லாருக்கும் வயிறார ஆகாரமும் சுத்தமான தண்ணீரும் கிடைத்த பிறகும் நெட்டையும் குட்டையும் இருக்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு அதை இயற்கை என்று ஒப்புக்கொள்ளுவோம். அன்றியும், வளர்ந்து முடிந்த வாலிபர்கள் "உயரம் வளர்க்கும்" பொடிக்கும் லேகியத்துக்கும் தாயத்துக்கும் காசைக் கொட்ட வேண்டாம். குருத்தெலும்பு மூடிக்கொண்ட பிறகு எந்த லேகியமும் அதைத் திறக்காது.

மேலும், குட்டையாயிருப்பது ஒருவனுக்கும் இழிவல்ல. மனிதனுக்கு மதிப்பு அவன் அறிவிலும் நடத்தையிலும் இருக்கிறதே தவிர, அளவுகோலில் இல்லை. பட்டினி போட்டு ஒருவனைக் குட்டையாக்கின சமூகத்துக்குத்தான் அது இழிவு.

ஆகவே தோழர்களே! அந்தப் பையனுக்கு இனி ஒரு விரற்கடை கூட வளராது. அவன் வேறு உத்தியோகம் பார்த்துக்கொள்ளுவான். ஆனால் அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். அவளை அங்கன்வாடியில் அளந்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள். எழுதினால் அந்த அட்டையை வாங்கிப் பாருங்கள். முட்டை ஒன்றுதான் இருந்தால் அதைச் சரிபாதியாக வெட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களை உங்களோடு உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். உடம்பும் படிப்பும் முற்றும் முன்னே பெண்ணுக்குக் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். ஊரில் கோயிலுக்கு வசூல் செய்ய வருகிறவனிடம், குழாய்த் தண்ணீருக்கும் கக்கூசுக்கும் என்ன செய்தாய் என்று கேளுங்கள். "எங்கள் வம்சமே குட்டை" என்று இனி யாராவது சொன்னால், "உங்கள் வம்சம் என்ன சாப்பிட்டது?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்த நாடுகள்தான் வளர்ந்திருக்கின்றன.